பட்டறைப் பக்கம்: கட்டை ஆடக் கூடாது

பிள்ளைகளைக் கூட்டி வைத்து மரவேலை செய்வது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, பாளையங்கோட்டையில் தச்சுப் பட்டறை நடத்திக்கொண்டே விடுமுறை நாள்களில் தெருப் பிள்ளைகளுக்கு வேலை சொல்லித்தரும் பட்டறை அக்கா இந்த இதழில் பதில் சொல்கிறார்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் மே மாதம் பத்து நாள் பயிற்சி வைக்க நினைக்கிறோம். ஏழு முதல் பன்னிரண்டு வயது வரை பதினைந்து பிள்ளைகள். பெரியவர்கள் நாங்கள் நாலு பேர். யாருக்கும் மரவேலை தெரியாது. முதலில் என்ன செய்யச் சொல்லலாம், அக்கா?
வாசகி, திருச்சி

பொம்மை, பேனா ஸ்டாண்டு எல்லாம் அப்புறம். முதல் நாள் முட்டுப்பலகை செய்யுங்கள்.

20 செ.மீ. அகலம், 25 செ.மீ. நீளத்தில் ஒரு பலகை. மேல்பக்கம் ஓர் ஓரத்தில் ஒரு ரீப்பர் (ஓட்டுக்கூரைக்கு அடிக்கிற மெல்லிய மரச்சட்டம்) துண்டு, அடிப்பக்கம் எதிர் ஓரத்தில் இன்னொரு துண்டு. இவ்வளவுதான். அடித்துண்டு மேசை விளிம்பில் மாட்டிக்கொள்ளும். அறுக்க வேண்டிய கட்டையை மேல்துண்டோடு ஒட்டி வைத்து ஒரு கையால் அழுத்திப் பிடித்தால், ரம்பத்தைத் தள்ளத் தள்ளக் கட்டை முட்டிலேயே இறுகி நிற்கும். மேல்துண்டு பலகையின் முழு அகலத்துக்கும் வேண்டாம், இரண்டு பக்கமும் 2 செ.மீ. விட்டு வையுங்கள். ரம்பம் அடிவரை இறங்கினால் பலகைதான் கீறும், யார் வீட்டுச் சாப்பாட்டு மேசையோ அது தப்பிக்கும். இரண்டு பக்கமும் இடம் விடுவதால் இடதுகைப் பிள்ளைக்கும் அதே பலகை உதவும்.

ரம்பம் கூராக இருப்பதால் காயம் படுகிறது என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். என் பட்டறையில் நான் பார்ப்பது வேறு. கட்டை ஆடும்போதுதான் ரம்பம் துள்ளி விரலுக்கு வருகிறது. மழுங்கிய ரம்பம் என்றால் பிள்ளை பலம் கொடுத்து அழுத்தும், அப்போது இன்னும் துள்ளும். ஆகவே கட்டையை நிறுத்துவதற்கு முட்டுப்பலகை, அதற்குமேல் பிடிப்பு வேண்டுமென்றால் கட்டையை மேசையோடு திருகி இறுக்குகிற சி-கிளாம்ப் இரண்டு. பணம் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால், அழகான உளி செட்டை விட்டுவிட்டு கிளாம்ப் வாங்குங்கள்.

பதினைந்து பேருக்கும் பதினைந்து ரம்பம் வாங்கிவிடாதீர்கள். நாலு பெரியவர்கள் என்றால் மூன்று ரம்பம் போதும். ஒரு ரம்பத்துக்கு ஒரு பெரியவர், அவர் அந்த இடத்தை விட்டு நகரவே கூடாது. போன் வந்தாலும் சரி. நாலாவது ஆள் மற்ற பிள்ளைகளோடு இருக்கட்டும். அவர்கள் அளந்து கோடு போடுவார்கள், உப்புத்தாள் தேய்ப்பார்கள், ஆணி அடிப்பார்கள். வேலையே இல்லாமல் வரிசையில் நிற்கும் பிள்ளைதான் பக்கத்தில் இருப்பவனைத் தள்ளும். அப்படி நிற்கிறவர்களுக்கென்று ஒரு முருங்கைக் கட்டையைப் போட்டு வையுங்கள். காற்றுக்கு முறிந்த கிளை யார் வீட்டிலாவது கிடக்கும். முருங்கை பஞ்சு மாதிரி மரம், எதற்கும் ஆகாது. ஆனால் ஐந்து வயசுப் பிள்ளை அடித்தாலும் ஆணி நேராக இறங்கும். அந்தச் சந்தோஷம் அவர்களுக்கு வேண்டும்.

இரண்டாம் நாள் முதல் படகு செய்யலாம். ரப்பர் பேண்டில் ஓடுகிற படகு. 18 செ.மீ. நீளம், 9 செ.மீ. அகலம், 2 செ.மீ. கனத்தில் ஒரு பலகை எடுங்கள். முன்பக்கம் நடுவில் ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து இரண்டு ஓரத்துக்கும் சாய்வாகக் கோடு போட்டு அறுத்தால் மூக்கு வந்துவிடும். பலகையின் பின்பாதியில் இரண்டு பக்கவாட்டிலும் 14 செ.மீ. நீள ரீப்பர் குச்சியை ஆணி அடியுங்கள். பாதி பலகையோடு ஒட்டியிருக்க, மீதிப் பாதி பின்னால் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். குச்சி முனைக்குச் சற்று உள்ளே சின்னதாக ஒரு வெட்டு கொடுத்தால் ரப்பர் பேண்டு வழுக்காது. இரண்டு குச்சிக்கும் நடுவே ரப்பர் பேண்டை மாட்டி, அதன் இரண்டு இழைக்கும் இடையில் 6 செ.மீ.க்கு 4 செ.மீ. பிளைவுட் துண்டைச் செருகி முறுக்கிவிட்டால் துடுப்பு தயார்.

குச்சிக்கு ஆணி அடிக்கும்போது மரம் பிளக்கும். இரண்டு ஆணியையும் ஒரே நாரில் வரிசையாக அடித்தால் பிளவு நிச்சயம், ஒன்று மேலே ஒன்று கீழே என்று மாற்றி அடிக்கச் சொல்லுங்கள். ஆணியைத் தலைகீழாகத் தரையில் வைத்து முனையில் லேசாக ஒரு தட்டுத் தட்டி மழுக்கினாலும் பிளவு குறையும். கூரான முனை நாரை விலக்கிக்கொண்டு போகும், மழுங்கிய முனை நாரை நசுக்கிக்கொண்டு போகும். சின்னப் பிள்ளைகள் ஆணியை விரலால் பிடிக்க வேண்டாம், துணி கிளிப்பால் பிடிக்கட்டும்.

தொட்டியில் விட்டதும் பாதிப் பேருடைய படகு பின்னால் போகும். பெரியவர்கள் வாயைத் திறக்காதீர்கள். எந்தப் பக்கம் முறுக்கினோம் என்று பிள்ளைகளே பார்த்து மாற்றிவிடுவார்கள்.

மரம் எங்கே வாங்குவது? கடையில் கேட்டால் தேக்கு விலை சொல்கிறார்கள்.
வாசகர், ஓசூர்

உங்கள் ஊரில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா! சுற்றிலும் தொழிற்பேட்டை. இயந்திரங்கள் வந்திறங்கும் பெட்டிகளும், சரக்குக்கு அடியில் வைக்கிற மரத்தட்டுகளான பேலட்டுகளும் பெரும்பாலும் பைன் மரம். மென்மையாக இருக்கும், அறுக்க லேசு, வாசனையும் நன்றாக இருக்கும். வாங்கும் முன் பலகையில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள். ஏற்றுமதி இறக்குமதிக்குப் போகிற மரப்பெட்டிகளில் கோதுமைக் கதிர் போன்ற சின்னமும் பக்கத்தில் எழுத்துகளும் இருக்கும். ‘ஹெச்டி’ (HT) என்றால் மரத்தின் உள்பகுதிவரை 56 டிகிரி செல்சியஸ் சூடு 30 நிமிடம் ஏற்றிப் பூச்சியைக் கொன்றிருக்கிறார்கள் என்று அர்த்தம், அது நமக்குச் சரி. ‘எம்பி’ (MB) என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, அதைப் பிள்ளைகளிடம் கொண்டுவர வேண்டாம். எண்ணெயோ ரசாயனமோ கொட்டின கறை இருந்தாலும் தள்ளிவிடுங்கள். பெட்டியைப் பிரித்து ஆணி பிடுங்குகிற வேலை பெரியவர்களுடையது. ஒரு ஆணி உள்ளே தங்கினாலும் ரம்பத்தின் பல் போய்விடும்.

மற்ற ஊர்க்காரர்கள் மரவாடியில் மலைவேம்பு கேட்டுப் பாருங்கள். பிளைவுட் தொழிற்சாலைக்கென்று விவசாயிகள் நிறைய வளர்க்கிறார்கள், எடையும் குறைவு. ஓட்டு வீட்டு வேலைக்கு வாங்கும் ரீப்பரிலேயே மென்மையான மரமாகப் பார்த்து எடுக்கலாம், நகத்தால் கீறினால் தடம் விழ வேண்டும். புளி, கருவேலம், பழைய வீட்டுத் தூண் எல்லாம் வேண்டாம், பிள்ளை அரைமணி நேரம் அறுத்துவிட்டு ‘எனக்கு வராது’ என்று போய்விடும். தேக்கு ஆகாது என்பதில்லை. அதில் மணல்சத்து உண்டு, ரம்பம் சீக்கிரம் மழுங்கும், அதோடு நீங்கள் சொன்ன விலை.

மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்கிற எம்டிஎஃப் பலகையும் கொடுக்காதீர்கள். பார்க்க மழுமழுவென்று இருக்கும். அறுத்தால் மாவு மாதிரிப் பொடி பறக்கும், ஆணி அடித்தால் ஓரம் உப்பிப் பிரியும்.

என் மகனுக்கு ஆறு வயது. இந்த வயதில் ரம்பம் கொடுப்பது சரியா? அடிபட்டால் என்ன செய்வது?
வாசகி, மதுரை

ஆறு வயதில் உப்புத்தாள், சின்னச் சுத்தியல், கைத்துளைப்பான் கொடுக்கலாம். ரம்பம் ஏழு எட்டில், அதுவும் பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது. உளியைப் பத்து வயதுக்கு முன் நான் கொடுப்பதில்லை. வயதைவிட முக்கியம், சொன்னதும் நிறுத்துகிற பிள்ளையா என்பது. ‘நில்’ என்றால் கை நிற்க வேண்டும். நிற்காத பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதானாலும் உப்புத்தாள்தான்.

சுத்தியல் 200 கிராம் போதும். வீட்டில் இருக்கும் பெரிய சுத்தியலைக் கொடுத்தால் கைப்பிடியைத் தலையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு தட்டும், அது அடிப்பதே இல்லை. தலைமுடியைக் கட்டுங்கள், துப்பட்டா, வளையல், கயிறு எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். விரலை மூடிய செருப்பு, ஆணி அடிக்கும்போது கண்ணாடி.

சிராய் குத்தும், விரல் நசுங்கும், இல்லையென்று சொல்ல மாட்டேன். சிராயை அமுக்கிப் பிழியாமல், சோப்புத் தண்ணீரில் கழுவி, சுத்தமான இடுக்கியால் அது நுழைந்த திசையிலேயே வெளியே இழுங்கள். பயிற்சி தொடங்கும் முன்பே தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். ஐந்து, ஆறு வயதில் டிபிடி ஊக்க ஊசியும், 10 வயதிலும் 16 வயதிலும் டிடி (Td) ஊசியும் அரசு அட்டவணையில் இருக்கிறது. ரணஜன்னிக்கான (டெட்டனஸ்) பாதுகாப்பு அதில்தான். துருப்பிடித்த ஆணியைப் பார்த்த பிறகு அட்டையைத் தேடுவது வீண் பதற்றம்.

பெண் பிள்ளைகளுக்கென்று தனியாக எளிய வேலைகள் உண்டா?
வாசகர், ஈரோடு

உண்டு. ஆண் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற அதே வேலை. நான் பதினோரு வயதில் அம்பாசமுத்திரத்தில் அப்பாவின் கடைசல் பட்டறையில் உட்கார்ந்து செப்புச் சாமான், அதாவது மர விளையாட்டுச் சாமான், தேய்த்தவள். எளியது எது என்று மரம்தான் சொல்லும்.

அரசுப் பள்ளி ஆசிரியை நான். ஒரு வகுப்பில் நாற்பது பேர், வாரம் ஒரு பாடவேளை. பணம் கிடையாது. படகெல்லாம் முடியாது, டீச்சருக்கு ஏற்ற மாதிரி ஏதாவது சொல்லுங்கள். இதனால் படிப்புக்கு என்ன பயன் என்று தலைமையாசிரியர் கேட்டால் அதற்கும் பதில் வேண்டும்!
வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

டீச்சர், நீங்கள் ஆடுபுலி ஆட்டப் பலகை செய்யுங்கள். நாலு பேருக்கு ஒரு பலகை, மொத்தம் பத்து. 25 செ.மீ. சதுரத்தில் 12 மி.மீ. பிளைவுட் பத்துத் துண்டு. ஊரில் கதவு, அலமாரி செய்கிற தச்சரிடம் வெட்டி மிஞ்சியது கேட்டால் சும்மா கிடைக்கும், ‘பள்ளிக்கூடத்துக்கு’ என்று சொல்லிக் கேளுங்கள்.

ஆட்டத்தின் கட்டம் உங்களுக்குத் தெரிந்ததுதான். உச்சியில் ஒரு புள்ளி. அதிலிருந்து நாலு கோடு விரிந்து கீழே வரும். குறுக்கே மூன்று கோடு, ஒவ்வொன்றிலும் ஆறு புள்ளி. அடிக்கோட்டில் நாலு புள்ளி. ஒன்றும் பதினெட்டும் நாலும் சேர்த்து 23. நாலு கோடும் ஒரே புள்ளியில் சேர வேண்டும், குறுக்குக் கோடுகள் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும், இரண்டு பக்கமும் சமமாக விரிய வேண்டும். பிள்ளைகள் அளவுகோலும் மூலைமட்டமும் வைத்து இதைப் போட்டு முடிப்பதற்குள் ஒரு பாடவேளை போய்விடும். போகட்டும். தலைமையாசிரியர் அந்த நேரம் வந்து எட்டிப் பார்த்தால் கணக்குப் பாடம் என்றே நினைப்பார்.

அடுத்த வாரம் புள்ளிகளில் துளை. மின்சார டிரில் வேண்டாம், கையால் சுற்றுகிற டிரில் இரண்டு இருந்தால் போதும். 8 மி.மீ. பிட். துளை போடும் முன் ஆணியால் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு குழி தட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பிட் வழுக்கி ஆட்டுக்குட்டி வேறு கொட்டகைக்குப் போய்விடும். பலகைக்கு அடியில் ஒரு பழைய கட்டையைக் கொடுத்து இரண்டையும் சேர்த்து கிளாம்ப் போட்டால் பிட் வெளியே வரும்போது அடிப்பக்கம் பிய்யாது. டிரில் செங்குத்தாக நிற்கிறதா என்று மூலைமட்டத்தைப் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க ஒரு பிள்ளை, சுற்ற ஒரு பிள்ளை, பலகையைப் பிடிக்க ஒன்று, எண்ணிக் குறிக்க ஒன்று. நாலு பேருக்கும் வேலை ஆகிவிட்டது. டிரில் கிடைக்காத குழுக்கள் அதுவரை காய்களைச் செய்யட்டும்.

காய்களுக்குக் காசு வேண்டாம். வகுப்பறையில் பிடிக்க முடியாமல் குட்டையாகிப் போன பென்சில்களைச் சேருங்கள். ஆறுபக்கப் பென்சில் ஏறக்குறைய 7 மி.மீ. கனம், 8 மி.மீ. துளையில் இறுக்கமில்லாமல் உட்காரும். ஒரு பலகைக்குப் புலி 3, ஆடு 15, ஆக 18 துண்டு. ஒவ்வொன்றும் 3 செ.மீ. பென்சிலை முட்டுப்பலகையில் வைத்து ரம்பத்தால் அறுக்கட்டும். முதல் ரம்பப் பாடத்துக்கு இதைவிட நல்ல வேலை இல்லை, நாலு இழுப்பில் முடிந்துவிடும். வெட்டின முனையை உப்புத்தாளில் வட்டமாகத் தேய்க்க வேண்டும். ஆடு அப்படியே இருக்கட்டும். புலிக்கு மட்டும் மஞ்சளும் கறுப்பும்.

நாலு ஐந்து வாரத்தில் முடிந்துவிடும். பிளைவுட்டின் ஓரத்தை முதலில் 80 எண் உப்புத்தாள், பிறகு 120 போட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள், அந்த ஓரம்தான் விரலைக் கீறும். தேய்க்கும் வேலை வெளியே மரத்தடியில் நடக்கட்டும், தேய்க்கிறவர்கள் மூக்கை மூடிக்கொள்ளட்டும். மரத்தூள் லேசான விஷயம் இல்லை. தொழிலாக வருஷக்கணக்கில் அதைச் சுவாசிப்பவர்களுக்கு மூக்குப் புற்றுநோய் வருவதை வைத்து, உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995-லேயே அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. பிள்ளைகள் வாரம் ஒரு மணி நேரம் செய்வது அந்தக் கணக்கில் வராது. பழக்கம் மட்டும் இப்போதே வரட்டும். கூட்டும்போது தண்ணீர் தெளித்துக் கூட்டுங்கள்.

தலைமையாசிரியருக்குப் பதில்: பின்லாந்து 1866-ல் பள்ளிக்கூடத்தில் கைவேலையைப் பாடமாக வைத்தது. ஸ்வீடனில் நேஸ் என்ற இடத்தில் ஓட்டோ சாலமன் என்பவர் ஆசிரியர்களுக்கு மரவேலை சொல்லித்தரும் பள்ளி நடத்தினார், வெளிநாடுகளிலிருந்தெல்லாம் வாத்தியார்கள் போய்ப் படித்தார்கள். அவர் முறையில் முதல் கருவி கத்தி, செய்கிற பொருள் வீட்டில் பயன்பட வேண்டும். நம் பக்கம் 1937 அக்டோபரில் வார்தா மாநாட்டில் காந்தி கைத்தொழில் வழியாகவே கல்வி என்றார், ஆதாரப் பள்ளிகள் வந்தன. அதன்பிறகு அதை எப்படிக் கைகழுவினோம் என்பது தனிக்கதை, அதைத் தலைமையாசிரியரிடம் சொல்ல வேண்டாம். பலகையைக் கொடுத்து அவரை ஒரு ஆட்டம் ஆடச் சொல்லுங்கள்.

பிள்ளைகள் செய்த சாமானுக்கு என்ன பூசலாம்? வீட்டில் பழைய எனாமல் டப்பா நிறைய இருக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவினால் போதும் என்றும் சொல்கிறார்கள்.
வாசகர், நாகர்கோவில்

பழைய டப்பாவைத் திறக்கவே வேண்டாம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய டப்பாவில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. புதிதாக வாங்குவதானால் தண்ணீரில் கரையும் பெயிண்ட்.

தேங்காய் எண்ணெய் உலரவே உலராது. ஒரு மாதம் கழித்தும் கை ஒட்டும், தூசி பிடிக்கும், சிக்கு வாடை வரும். நல்லெண்ணெயும் ஏறக்குறைய அப்படித்தான். அதில் தேன்மெழுகைச் சேர்த்து உருக்கி, ஆறிய பிறகு துணியால் தேய்த்தால் பரவாயில்லை. உலருகிற எண்ணெய் என்றால் ஆளிவிதை எண்ணெய், மெல்லிசாக ஒரு கை தடவி இரண்டு மூன்று நாள் விட வேண்டும். அதைத் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும். பயமுறுத்தவில்லை, அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு தங்கிவிடும். கொடியில் விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கிப் போடுங்கள்.

அம்பாசமுத்திரம் செப்புச் சாமானில் இருக்கும் சிவப்பும் பச்சையும் அரக்கு. சுழலும் சாமான்மேல் அரக்குக் குச்சியை அழுத்தினால் உராயும் சூட்டில் உருகி ஏறும். கடைசல் இயந்திரம் இல்லாமல் வீட்டில் வராது. கைக்குழந்தை வாயில் வைக்கிற சாமானென்றால் எதையும் பூசாதீர்கள், நன்றாகத் தேய்த்துவிட்டால் வெறும் மரமே போதும்.

எனக்கு எழுபது வயது. பேரப்பிள்ளைகள் நாலு பேர் விடுமுறைக்கு வருகிறார்கள், கடைசிப் பேத்திக்கு இன்னும் நடை வரவில்லை. பெரியவர்களை வைத்து அவளுக்கு நடைவண்டி செய்யலாம் என்று ஆசை. தோட்டத்தில் வெட்டிப்போட்ட பூவரசங்கட்டை இருக்கிறது, அதை வட்டமாக அறுத்துச் சக்கரம் போடலாமா தங்கச்சி?
வாசகர், மன்னார்குடி

சக்கரத்துக்கு மட்டும் வேண்டாம் அண்ணாச்சி. கட்டையைக் குறுக்கே வெட்டிய வில்லை காயும்போது நடுவிலிருந்து ஓரம்வரை வெடிக்கும். மரம் காயும்போது வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளியே போகும் திசையில் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த வித்தியாசத்தை வில்லை தாங்காது, ஆப்பு வெட்டின மாதிரிப் பிளந்து நிற்கும். பச்சைக்கட்டை என்றால் சந்தேகமே வேண்டாம். 18 மி.மீ. பிளைவுட்டில் 12 செ.மீ. வட்டம் மூன்று போடச் சொல்லுங்கள், பெரிய பேரனோ பேத்தியோ காம்பஸில் வரைந்து, வளைவாக அறுக்க உதவும் மெல்லிய அலகுள்ள கோப்பிங் ரம்பத்தால் அறுக்கலாம். மெதுவாகத்தான் போகும், ஆளுக்குக் கொஞ்சம் மாறி மாறி அறுக்கட்டும். பூவரசு நல்ல மரம். அதை மில்லில் கொடுத்துப் பலகையாக அறுத்து நிழலில் அடுக்கி வையுங்கள், அடுத்த விடுமுறைக்கு ஆகும்.

சட்டத்தை உங்கள் ஊரில் செய்கிறபடியே செய்யுங்கள், இரண்டு இடத்தை மட்டும் கவனியுங்கள். பிள்ளை பிடித்து எழும்போது முழுப் பாரமும் கைப்பிடியில் விழும். கைப்பிடி பின்சக்கர அச்சுக்குப் பின்னால் நின்றால் வண்டி மல்லாந்து பேத்தியின் மேலேயே விழும். ஆகவே கைப்பிடி அச்சுக்கு முன்னால் நாலு விரல்கடை தள்ளி இருக்க வேண்டும், பேத்தி இரண்டு பின்சக்கரத்துக்கும் நடுவில் நின்று தள்ளுகிற மாதிரி. பின்சக்கரங்களின் இடைவெளியும் அகலமாக இருக்கட்டும். இரண்டாவது, சக்கரம் லேசாக ஓடக் கூடாது. டைல்ஸ் தரையில் வண்டி முன்னால் ஓடி, பிள்ளை முகம் குப்புற விழும். அச்சில் சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே பழைய சைக்கிள் ட்யூபில் வெட்டிய வளையம் ஒன்றைப் போட்டு இறுக்குங்கள். நடை பழகப் பழக அதைத் தளர்த்திக்கொள்ளலாம்.

கைப்பிடி உயரம் பேத்தியின் மார்பளவு. அளவெடுக்க அவளை நிற்கவைத்துப் பிடிக்கும் வேலையை மற்ற மூன்று பேரிடம் கொடுங்கள்.